562 வாக்கு வாங்கியவரை யாரும் திட்டவில்லை: ஃபுளோரிடா 2000-ல் மூன்றாம் கட்சிகள்

ஜேம்ஸ் ஹாரிஸ் என்றொருவர் 2000-ம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றார். சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சி வேட்பாளர். ஃபுளோரிடா மாநிலத்தில் அவருக்கு விழுந்தது 562 வாக்கு. ஏறக்குறைய 60 லட்சம் பேர் வாக்களித்த இடத்தில் 562 என்பதை யாரும் எண்ணிக்கையாகவே மதிக்கமாட்டார்கள். ஆனால் அங்கே குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கும் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்கும் இடையே இருந்த வித்தியாசம் வெறும் 537. ஹாரிஸுக்குப் போட்டவர்கள் அத்தனை பேரும் கோருக்குப் போட்டிருந்தால் அதிபரே மாறியிருப்பார்.

இருந்தும் ஹாரிஸின் பெயர் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. கால் நூற்றாண்டாகத் திட்டு வாங்கிக்கொண்டிருப்பவர் இன்னொருவர். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர். ஃபுளோரிடாவில் அவருக்குக் கிடைத்தது 97,488. ஓட்டைப் பிரித்து புஷ்ஷை வெள்ளை மாளிகையில் உட்காரவைத்தார், இராக் போர் வரைக்கும் நடந்த எல்லாவற்றிலும் இவருக்குப் பங்கு உண்டு என்று ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலர் இன்றும் சொல்வார்கள்.

அமெரிக்காவில் மூன்றாம் கட்சியால் என்னதான் முடியும் என்று யார் கேட்டாலும் ஃபுளோரிடா 2000-ஐத்தான் உதாரணம் காட்டுவார்கள். நானும் அதையேதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் நேடர் ஓட்டைப் பிரித்தாரா இல்லையா என்ற பழைய சண்டையைவிட, அந்தச் சண்டைக்கு நடுவே கிடந்த ஒரு வாக்குச்சீட்டு அட்டைதான் என்னை இழுத்தது. சின்னக் கட்சிகள் ஃபுளோரிடாவின் முடிவை இரண்டு வழியில் மாற்றின. ஒன்று வாக்காளரின் மனசு வழியாக. இன்னொன்று வாக்குச்சீட்டில் ஏற்பட்ட இட நெருக்கடி வழியாக. முதலாவதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இரண்டாவதை ஒரு அச்சகத் தவறுபோலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

எண்களை முதலில் வைத்துவிடுகிறேன். புஷ் 29,12,790. கோர் 29,12,253. நேடர் 97,488. சீர்திருத்தக் கட்சியின் பேட் புகேனன் 17,484. லிபர்டேரியன் கட்சியின் ஹாரி பிரவுன் 16,415. இவர்களுக்குக் கீழே நாலு இலக்கத்தில் மூன்று பேர், மூன்று இலக்கத்தில் இரண்டு பேர். அந்த இருவரில் கடைசி ஆள்தான் நம்ம ஹாரிஸ். ஆக, சின்னக் கட்சி வேட்பாளர்கள் எட்டுப் பேர் நின்றார்கள், எட்டுப் பேருமே 537-க்கு மேல் வாங்கினார்கள். நேடரின் வாதமும் இதுதான். எட்டுப் பேர் இருக்க என்னை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?

இந்த 537 ஏன் இத்தனை பெரிதானது என்பது அமெரிக்க அதிபர் தேர்தலைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் கோர்தான் 5 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் முன்னணி. ஆனால் அதிபரைத் தீர்மானிப்பது ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று ஒதுக்கிய தேர்வாளர் வாக்குகள். ஜெயிக்க 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டையும் தவிர மற்ற மாநிலங்களில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் மொத்தமும் போய்விடும். இரண்டாவது வந்தவருக்கு ஒன்றும் கிடையாது. ஃபுளோரிடாவிடம் அப்போது 25 இருந்தது. கடைசியில் புஷ் 271, கோர் 266. ஃபுளோரிடா கைமாறியிருந்தால் கோர் சுலபமாக ஜெயித்திருப்பார்.

இந்த ஏற்பாட்டில் மூன்றாமவரின் நிலைமை விநோதமானது. 1992-ல் ராஸ் பெரோ நாடு முழுக்க 18.9 சதவீதம் வாங்கினார், ஒரு தேர்வாளர் வாக்கு கூடக் கிடைக்கவில்லை. 1968-ல் ஜார்ஜ் வாலஸ் வாங்கியது 13.5 சதவீதம்தான், அவருக்கு 46 கிடைத்தது. பெரோவின் ஆதரவு நாடெங்கும் சிதறிக் கிடந்தது. வாலஸின் ஆதரவு, இனப் பிரிவினையைக் கைவிட மனமில்லாத தெற்கு மாநிலங்களில் குவிந்திருந்தது. எல்லா ஊரிலும் கொஞ்சம் பிடித்தவராக இருப்பதால் பயன் இல்லை, நாலு ஊரிலாவது ரொம்பப் பிடித்தவராக இருக்கவேண்டும்.

நேடர் ஏன் நின்றார்?

இவரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குக் கனெக்டிகட்டின் ஒரு சின்ன ஊரில் 1934-ல் பிறந்தவர். வழக்கறிஞர். 1965-ல் கார்களின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் டெட்ராய்ட் கார் கம்பெனிகளை ஆட்டிவைத்தது. அடுத்த ஆண்டே கார் பாதுகாப்புக்கென்று மத்திய சட்டம் வந்தது. விபத்து என்றால் ஓட்டுநரின் தப்பு என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், வண்டியின் வடிவமைப்பும் ஆளைக் கொல்லும் என்று சொன்னவர். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2000-ல் அவருடைய புகார் இரண்டு பெரிய கட்சிகளும் கம்பெனிகளின் பையில் இருக்கின்றன என்பது. ஜெயிப்போம் என்று அவரே நினைக்கவில்லை. குறி 5 சதவீதம். ஒரு கட்சி அதிபர் தேர்தலில் நாடு முழுக்க 5 சதவீதம் தாண்டினால் அடுத்த தேர்தலுக்கு அரசு நிதி கிடைக்கும். பெரோ 1996-ல் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியதால்தான் அவருடைய சீர்திருத்தக் கட்சிக்கு 2000-ல் 1.26 கோடி டாலர் வந்தது. அந்தப் பணத்துக்காகவே அந்தக் கட்சிக்குள் அடிதடி நடந்து, கட்சி இரண்டாக உடைந்து, புகேனன் வேட்பாளர் ஆனார். கோடிக்கணக்கில் செலவழித்து அவர் வாங்கியது அரை சதவீதத்துக்கும் குறைவு. பணம் இருந்தால் கட்சி வளரும் என்ற நேடரின் கணக்குக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு பாடம் இருந்தது. அவர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மேடை கிடைப்பது அதைவிடக் கஷ்டம். அதிபர் வேட்பாளர் விவாதங்களை நடத்தும் ஆணையத்தை 1987-ல் உருவாக்கியதே அந்த இரண்டு கட்சிகள்தான். கருத்துக்கணிப்புகளில் 15 சதவீதம் இருந்தால்தான் மேடை என்று 2000-ல் விதி வைத்தார்கள். மேடை ஏறாதவருக்கு 15 சதவீதம் எங்கிருந்து வரும்? அக்டோபர் 3-ம் தேதி பாஸ்டனில் முதல் விவாதம். நேடர் கையில் டிக்கெட் இருந்தது. அதுவும் விவாத அரங்குக்கு இல்லை, பக்கத்தில் திரையில் பார்ப்பதற்கான கூடத்துக்கு. வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்குப் போட்டார், பிறகு சமரசத்தில் முடிந்தது. அதே மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஆளுக்கு 20 டாலர் கட்டணம் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்கள் அவர் பேச்சைக் கேட்க வந்தார்கள். காசு கொடுத்துக் கூட்டத்துக்கு வருவது எந்த நாட்டு அரசியலிலும் அபூர்வம்தான்.

தேர்தல் நெருங்க நெருங்க ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. குடியரசுக் கட்சி ஆதரவு அமைப்பு ஒன்று, கோரை நேடர் தாக்கிப் பேசும் காட்சியை எடுத்துத் தன் சொந்தச் செலவில் ஓரிகன், விஸ்கான்சின், வாஷிங்டன் மாநிலங்களில் விளம்பரமாக ஓட்டியது. நேடருக்கு விழும் ஒவ்வொரு ஓட்டும் யாருக்கு லாபம் என்று அவர்கள் வெளிப்படையாகவே கணக்குப் போட்டார்கள். இன்னொரு பக்கம் இணையத்தில் ஓட்டு மாற்று ஒப்பந்தம் தொடங்கியது. ஃபுளோரிடா மாதிரி இழுபறி மாநிலத்தில் இருக்கும் நேடர் ஆதரவாளர் கோருக்குப் போடவேண்டும், பதிலுக்கு கோர் ஜெயிப்பது உறுதியான மாநிலத்தில் இருக்கும் கோர் ஆதரவாளர் நேடருக்குப் போடுவார். கோரும் தப்பிப்பார், நேடரின் 5 சதவீதமும் தப்பிக்கும் என்பது கணக்கு. கலிஃபோர்னியாவின் தேர்தல் அதிகாரி, இது சட்டவிரோதம், வழக்குப் பாயும் என்று மிரட்டியதும் அங்கே தளங்களை மூடினார்கள். அது பேச்சுரிமைதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2007-ல். புஷ் இரண்டாவது முறையும் ஜெயித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

இந்த ஒப்பந்தக்காரர்களைத்தான் நான் அந்தத் தேர்தலின் மிகத் தெளிவான ஆட்களாக நினைக்கிறேன். ஓட்டுக்கு ஊருக்கு ஊர் விலை மாறும் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

நேடர் இழுபறி மாநிலங்களுக்கு வேண்டுமென்றே போய் கோரைக் கவிழ்க்கப் பார்த்தார் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அவருடைய பயணங்களையும் விளம்பரங்களையும் பிறகு ஆராய்ந்த அரசியல் அறிஞர் பேரி பர்டன், அப்படித் தெரியவில்லை, எங்கே ஓட்டு அதிகம் தேறுமோ அங்கேதான் போயிருக்கிறார் என்ற முடிவுக்கு வந்தார். இருக்கலாம். கடைசி நாட்களில் ஃபுளோரிடாவுக்கும் போகத்தான் செய்தார். நாடு முழுக்க அவருக்குக் கிடைத்தது 28.8 லட்சம், 2.74 சதவீதம். 5-ல் பாதியைத் தாண்டியது, அவ்வளவுதான்.

பத்துப் பெயர், ஒரு அட்டை

இப்போது அந்த அட்டைக்கு வருவோம்.

ஃபுளோரிடாவில் சின்னக் கட்சிகள் வாக்குச்சீட்டில் பெயர் ஏற்றுவது முன்பு பெரும்பாடு. கையெழுத்து வேட்டை, கட்டணம், கெடு என்று ஏகப்பட்ட முட்டுக்கட்டை. 1998-ல் அந்த மாநில மக்கள் ஒரு அரசியல் சட்டத் திருத்தத்துக்கு வாக்களித்தார்கள்: பெரிய கட்சிக்கு என்ன நிபந்தனையோ அதைவிடக் கூடுதலாகச் சின்னக் கட்சிக்கு எதுவும் விதிக்கக்கூடாது. நல்ல திருத்தம். யாரும் குறை சொல்லமுடியாது. அதன் பலனாக அடுத்து வந்த அதிபர் தேர்தலில் பத்து ஜோடி வேட்பாளர்கள் பட்டியலில் ஏறினார்கள். அதிபர் பத்துப் பேர், துணை அதிபர் பத்துப் பேர், ஒவ்வொரு ஜோடிக்கும் கட்சிப் பெயர்.

பாம் பீச் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) அப்போது இருந்தது துளை போடும் முறை. வாக்காளர் ஒரு அட்டையை எடுத்து ஒரு சட்டத்துக்குள் செருகுவார். சட்டத்தின் மேல் புத்தகம்போல் பக்கங்கள், நடுவில் ஒரே வரிசையில் துளைகள். வேண்டிய பெயருக்கு நேரே உள்ள துளையில் ஒரு குச்சியால் குத்தவேண்டும். அவ்வளவுதான். அட்டையில் பெயர் எதுவும் இருக்காது, எண்கள் மட்டும். குத்தி எடுத்த பிறகு யாருக்குப் போட்டோம் என்று அட்டையைப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை.

கவுன்டியின் தேர்தல் பொறுப்பாளர் தெரசா லெபோர். பத்து ஜோடிகளையும் ஒரே பக்கத்தில் வைத்தால் எழுத்து பொடியாகிவிடும். அவருடைய கவுன்டியிலோ ஓய்வுபெற்று வந்து குடியேறிய முதியவர்கள் ஏராளம். கண் தெரியாமல் தடுமாறுவார்களே என்று எழுத்தைப் பெரிதாக்கினார். எழுத்து பெரிதானதும் பெயர்கள் எதிரெதிர்ப் பக்கத்துக்குப் பரவின. இடப்பக்கம் ஆறு ஜோடி, வலப்பக்கம் நாலு ஜோடி, நடுவில் பொதுவாக ஒரே துளை வரிசை. பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மாதிரி வாக்குச்சீட்டு முன்கூட்டியே வெளியானது. பெரிய கட்சிகள் எதுவும் அப்போது மறுப்புச் சொல்லவில்லை.

இடப்பக்கத்தில் மேலே புஷ். ஆளுநரின் கட்சி முதலில் வரவேண்டும் என்பது மாநிலச் சட்டம், ஆளுநர் அவருடைய தம்பி ஜெப் புஷ். அதற்குக் கீழே கோர். ஆக, பட்டியலில் கோர் இரண்டாவது. ஆனால் துளை வரிசையில் இரண்டாவது துளை கோருடையது இல்லை. எதிர்ப்பக்கத்தில் மேலே இருந்த புகேனனுடையது. கோரின் துளை மூன்றாவது. அதற்கும் அடுத்த நாலாவது துளை, வலப்பக்கம் இரண்டாவதாக இருந்த சோஷலிஸ்ட் கட்சியின் டேவிட் மெக்ரெனால்ட்ஸுடையது. கோரின் பெட்டியில் அதிபருக்கு ஒரு வரி, துணை அதிபர் வேட்பாளர் லீபர்மனுக்கு ஒரு வரி. அந்த உயரத்துக்கு நேரே பார்த்தால் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் கண்ணில் படும். மூக்குக்கண்ணாடியோடு குனிந்து, பின்னால் வரிசை நிற்கும் பதற்றத்தில், குச்சியை வைத்துக்கொண்டு இதைச் செய்யவேண்டும்.

விளைவு? பாம் பீச்சில் புகேனனுக்கு 3,400-க்கு மேல் விழுந்தது. அதைவிடப் பெரிய மயாமி-டேட் கவுன்டியில் அவருக்கு 600 கூடத் தேறவில்லை. மாநிலம் முழுக்க அவர் வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே கவுன்டியில். இங்கே யூத முதியவர்கள் கணிசம். பெரிய கட்சி ஒன்று முதன்முறையாக ஒரு யூதரை, லீபர்மனை, துணை அதிபர் வேட்பாளராக நிறுத்தியிருந்த நேரம். புகேனனோ யூதர்களைப் பற்றிய பேச்சுகளுக்காகக் கடுமையாகக் கண்டிக்கப்பட்டவர். அவரே தொலைக்காட்சியில் வந்து, இதில் பெரும்பகுதி எனக்கு விழுந்த ஓட்டாகத் தெரியவில்லை என்ற தோரணையில் ஒப்புக்கொண்டார். தனக்கு விழுந்த ஓட்டைத் தனதில்லை என்று சொன்ன வேட்பாளரை வேறு எங்கே பார்க்கமுடியும்?

செல்லாத ஓட்டு இன்னொரு கதை. ஒரே பதவிக்கு இரண்டு துளை போட்டதால் பாம் பீச்சில் செல்லாமல் போனவை 19 ஆயிரத்துக்கும் மேல். பத்திரிகைக்காரர்கள் பிறகு அந்த அட்டைகளை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். கோர், புகேனன் இருவருக்கும் குத்தியவை 5 ஆயிரத்துக்கும் மேல். கோர், மெக்ரெனால்ட்ஸ் இருவருக்கும் குத்தியவை கிட்டத்தட்ட 3 ஆயிரம். கோரின் துளைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மாநிலம் முழுக்க 622 வாக்கு வாங்கிய மெக்ரெனால்ட்ஸ், தனக்கே தெரியாமல் அதைப்போல நாலைந்து மடங்கு ஓட்டைக் கெடுத்திருக்கிறார்.

இது வாக்குச்சீட்டின் கோளாறுதான், திடீரென்று புகேனன் அலை அடிக்கவில்லை என்பதற்கு ஒரு அழகான சான்று உண்டு. தபாலில் ஓட்டுப் போட்டவர்களுக்கு இந்தப் பட்டாம்பூச்சி அட்டவணை கிடையாது. அதே கவுன்டி, அதே ஊர்க்காரர்கள். தபால் ஓட்டில் புகேனனின் பங்கைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு, தேர்தல் நாளில் நேரில் போட்ட ஓட்டில். இதை 2001-ல் அரசியல் அறிஞர்கள் குழு ஒன்று விரிவாக ஆராய்ந்து, கோருக்குப் போட நினைத்த 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புகேனனுக்குக் குத்திவிட்டார்கள் என்று கணக்கிட்டது. 2 ஆயிரம் போதுமே. வித்தியாசம் 537 தானே.

வடக்கே டூவால் கவுன்டியில் வேறு மாதிரி. அங்கே பத்துப் பெயரையும் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் போட்டுவிட்டு, எல்லாப் பக்கத்திலும் வாக்களியுங்கள் என்ற அர்த்தத்தில் மாதிரிச் சீட்டில் அறிவுரையும் அச்சடித்திருந்தார்கள். சொன்னபடியே முதல் பக்கத்தில் ஒருவருக்கும் இரண்டாம் பக்கத்தில் ஒருவருக்கும் போட்டார்கள் மக்கள். 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு செல்லாமல் போனது. கறுப்பினத்தவர் அதிகம் வாழும் பகுதிகளில்தான் அடி அதிகம், அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கோருக்குப் போடுகிறவர்கள்.

இங்கேதான் நேடரின் பழைய கதை எனக்கு நினைவுக்கு வந்தது. ஓட்டுநரைக் குறை சொல்லாதே, வண்டியைப் பார் என்று நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஃபுளோரிடாவில் கெட்டிருந்தது வண்டி. அந்த வண்டியில் அவரும் ஒரு பயணி.

சரி, ஓட்டைப் பிரித்தாரா?

பிரித்தார். இதில் மழுப்ப ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

நேடர் இல்லாவிட்டால் யாருக்குப் போட்டிருப்பீர்கள் என்று தேர்தல் நாளன்று வாக்குச்சாவடி வாசலில் நாடு முழுக்கக் கேட்டார்கள். நேடருக்குப் போட்டவர்களில் 47 சதவீதம் கோர் என்றார்கள், 21 சதவீதம் புஷ் என்றார்கள், மீதிப் பேரில் அநேகர் ஓட்டே போட்டிருக்கமாட்டோம் என்றார்கள். வாயால் சொன்னதை எவ்வளவு நம்புவது என்று கேட்கலாம். மைக்கேல் ஹெரன், ஜெஃப்ரி லூயிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதனால்தான் வேறு வழியில் போனார்கள். ஃபுளோரிடாவின் சில கவுன்டிகளில் பதிவான வாக்குச்சீட்டுகளையே எடுத்து, நேடருக்குப் போட்ட அதே ஆள் அதே சீட்டில் மற்ற பதவிகளுக்கு எந்தக் கட்சிக்குப் போட்டிருக்கிறார் என்று பார்த்தார்கள். அவர்கள் கண்டது பலர் நினைப்பதைவிட நெருக்கமானது. நேடர் ஓட்டில் சுமார் 60 சதவீதம் கோர் பக்கம், 40 சதவீதம் புஷ் பக்கம். பசுமைக் கட்சி ஓட்டு என்றால் அப்படியே ஜனநாயகக் கட்சி ஓட்டு என்று நினைப்பது தப்பு.

ஆனால் 60-40 என்றாலும் கணக்கு உதைக்கவில்லை. நேடர் ஆதரவாளர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 48,744 பேர். 60-40 ஆகப் பிரித்தால் கோருக்கு நிகரமாகக் கூடுவது ஏறக்குறைய 9,700. வேண்டியது 538. நேடர் பெயர் இல்லாத ஃபுளோரிடாவில் கோர் அதிபர், இதை மறுப்பது கஷ்டம். நியூ ஹாம்ப்ஷயரில் அவ்வளவு உறுதியில்லை. அங்கே புஷ் முன்னணி 7,211, நேடர் வாங்கியது 22,198, அத்தனை பேரும் 60-40 ஆகப் பிரிந்தாலும் கோருக்குக் கூடுவது ஏறக்குறைய 4,400 தான். அந்தச் சின்ன மாநிலத்தின் 4 தேர்வாளர் வாக்கு வந்திருந்தாலே கோருக்கு ஃபுளோரிடா தேவைப்பட்டிருக்காது. வடகிழக்கில் ஒரு மூலையில் இருக்கிறதே என்று அதை யாரும் பேசுவதில்லை.

நேடர் தரப்பு எதிர்வாதங்களும் சொத்தையானவை இல்லை. ஃபுளோரிடாவில் தன்னை ஜனநாயகக் கட்சிக்காரர் என்று சொல்லிக்கொண்டவர்களிலேயே பத்துக்கு ஒருவருக்கும் மேல் புஷ்ஷுக்குப் போட்டிருக்கிறார்கள். எண்ணிக்கையில் அது நேடரின் மொத்த ஓட்டைவிட அதிகம். கோர் தன் சொந்த மாநிலமான டென்னஸியையே இழந்தார். அங்கே 11 தேர்வாளர் வாக்கு, அது கிடைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அப்புறம் 36 நாள் மறுஎண்ணிக்கைக் கூத்து, கடைசியில் டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் எண்ணிக்கையை நிறுத்தியது. 537 என்பது இத்தனை காரணங்களும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் வரும் எண். எதை உருவினாலும் சரிந்துவிடும்.

குடியரசுக் கட்சிக்காரர்களும் இதே புகாரைச் சொல்லியிருக்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நியூ மெக்சிகோவில் கோர் வெறும் 366 வாக்கில் ஜெயித்தார், புகேனன் அதைவிட அதிகம் வாங்கினார். அயோவா, விஸ்கான்சின், ஓரிகன் மூன்றிலும் அதே கதை. புகேனன் இல்லாவிட்டால் இந்த நாலு மாநிலமும் புஷ் பக்கம் சாய்ந்திருக்கலாம், மொத்தம் 30 தேர்வாளர் வாக்கு. புகேனன் ஒரு பக்கம் புஷ்ஷின் ஓட்டைத் தின்றார், பாம் பீச்சில் கோரின் ஓட்டைத் தின்றார். அந்தத் தேர்தலில் இரண்டு பக்கமும் கடித்த ஒரே ஆள் அவர்தான். புஷ் ஜெயித்துவிட்டதால் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

என்னைக் கேட்டால், பழி நேடர் மேல் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இதுதான்: அவருக்கு முகம் இருந்தது, எச்சரித்தும் அவர் விலகவில்லை. அட்டைக்கு முகம் கிடையாது. அதை உருவாக்கியவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தில் செய்தார்கள். சின்னக் கட்சிக்கு நியாயம் வேண்டும் என்று வாக்களித்த மக்கள், முதியவருக்குப் படிக்க வசதி வேண்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கிய அதிகாரி. கோபப்பட ஆள் வேண்டுமே.

இது புதுசும் இல்லை. 1844-ல் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி கிளே, ஜேம்ஸ் போல்க்கிடம் 5,106 வாக்கில் தோற்றார், அத்தோடு அதிபர் பதவியும் போனது. அடிமை முறையை எதிர்த்த லிபர்டி கட்சியின் ஜேம்ஸ் பர்னி அங்கே வாங்கியது 15,800-க்கு மேல். போல்க் வந்தார், அடிமை மாநிலமாக டெக்சஸ் இணைந்தது, மெக்சிகோவோடு போர் வந்தது. அடிமை முறைக்கு எதிரான ஓட்டு, அடிமை முறை பரவ வழி செய்துவிட்டது என்று அன்றைக்கும் திட்டினார்கள்.

அதற்குப் பிறகு

ஃபுளோரிடா 2001-லேயே துளை அட்டைகளை ஒழித்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் பழைய இயந்திரங்களை மாற்றப் பணம் ஒதுக்கிச் சட்டம் போட்டது. அட்டை விஷயத்தில் வேகமாகப் பாடம் கற்றார்கள். ஓட்டுப் பிரியும் விஷயத்தில் கற்றது, பெரிய கட்சியைவிட வாக்காளர்கள்தான். 2004-ல் நேடர் சுயேச்சையாக மறுபடி நின்றார். அவருடைய கையெழுத்துகளை மாநிலம் மாநிலமாகப் போய் நீதிமன்றத்தில் எதிர்த்தார்கள் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். ஃபுளோரிடாவில் அவருக்கு 33 ஆயிரம் கூட வரவில்லை. நாடு முழுக்க அரை சதவீதத்துக்கும் கீழே.

பயம் பன்னிரண்டு வருஷத்தில் தெளிந்துவிட்டது. 2016-ல் மிச்சிகனில் டிரம்ப் வென்றது 10,704 வாக்கில், பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் வாங்கியது 51 ஆயிரத்துக்கும் மேல். விஸ்கான்சினும் பென்சில்வேனியாவும் அதே மாதிரி. மெய்ன் மாநிலம் மட்டும் அந்த ஆண்டு வேறு முடிவு எடுத்தது. வாக்காளர் ஒருவரை மட்டும் குறிக்காமல் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தட்டும், தன் முதல் ஆள் கடைசியில் வந்தால் ஓட்டு அடுத்தவருக்குப் போகட்டும். அங்கே ஆளுநர் தேர்தலில் ஒருவர் 38 சதவீதம் கூட இல்லாமல் ஜெயித்திருந்த அனுபவம் இருந்தது. 2020-ல் அதிபர் தேர்தலுக்கும் அந்த முறையைப் பயன்படுத்தினார்கள். 2000-ல் ஃபுளோரிடாவில் இது இருந்திருந்தால் நேடர் ஆதரவாளர்கள் நிம்மதியாக நேடருக்கே 1 போட்டிருப்பார்கள். ஆனால் பத்துப் பெயரையும் வரிசைப்படுத்த அந்தப் பட்டாம்பூச்சி அட்டையில் இடம் எங்கே இருந்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

2024-ல் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் சுயேச்சையாக நின்றார். மாநிலம் மாநிலமாகக் கையெழுத்து வாங்கி, வழக்காடி, பெயரை ஏற்றினார். ஆகஸ்ட் 23-ம் தேதி பிரச்சாரத்தை நிறுத்திவிட்டு டிரம்ப்பை ஆதரிப்பதாக அறிவித்தார். உடனே இழுபறி மாநிலங்களில் தன் பெயரை நீக்கச் சொல்லி வழக்குப் போடத் தொடங்கினார். வட கரோலினாவில் ஏறத்தாழ 30 லட்சம் வாக்குச்சீட்டு அச்சாகியிருந்தது. நீதிமன்றம் நீக்கச் சொன்னதால் அத்தனையும் வீண், புதிதாக அச்சடித்துத் தபாலில் அனுப்ப இரண்டு வாரம் தாமதம். மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் முடியாது என்றார்கள், உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. இதே நாட்களில் நியூயார்க்கில் அவருடைய வழக்கறிஞர்கள் நேர்மாறாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே அவர் கொடுத்த முகவரியில் அவர் உண்மையில் வசிக்கவில்லை என்று சொல்லிப் பெயரை எடுத்துவிட்டார்கள், அதைத் திரும்பச் சேர்க்கவேண்டுமாம். நியூயார்க் எப்படியும் ஜனநாயகக் கட்சிக்குப் போகிற மாநிலம். அங்கே பெயர் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதுவும் நடக்கவில்லை. நவம்பரில் மிச்சிகன் வாக்காளர்கள் சாவடிக்குப் போனபோது, போட்டியிலேயே இல்லாத கென்னடியின் பெயர் சீட்டில் இருந்தது. 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவருக்குப் போட்டுவிட்டு வந்தார்கள்.